பழுதுபார்க்கும் உரிமை மடிக்கணினிக்கு எப்போது?

நமது சிறப்பு நிருபர்

புதுதில்லி: ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த மடிக்கணினி ஒரு நாள் காலையில் இயங்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்ற எளிய கேள்விக்கு, தலைநகர் தில்லியில் நான்கு இடங்களில் விசாரித்தால் நான்கு விதமான பதில்கள் கிடைக்கும். தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் ஒரு தொகை; நேரு பிளேஸ் வணிக வளாகத்தின் மாடிக் கடையில் வேறொரு தொகை; அதே வளாகத்தின் தரைத்தளத்தில் மற்றொரு தொகை; சரிசெய்வது வீண், புதிதாக வாங்கிவிடலாம் என்ற இலவச ஆலோசனை நான்காவது.

இவற்றில் எது நியாயம் என்று கண்டறிய வாடிக்கையாளருக்கு வழியில்லை. பழுது எங்கே இருக்கிறது, எந்த பாகத்தை மாற்ற வேண்டும், அந்த பாகத்தின் விலை என்ன ஆகிய மூன்று விவரங்களும் கட்டணம் வாங்குபவரின் கையில்தான் உள்ளன. தேவைக்கு அதிகமாகப் பணம் செலவாவதற்குக் கடைக்காரரின் நேர்மையைக் குறை கூறுவதற்கு முன்பாக, இந்தத் தகவல் இடைவெளியைக் கவனிக்க வேண்டியுள்ளது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்கில்தான் "பழுதுபார்க்கும் உரிமை" என்ற கருத்தை மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் கையிலெடுத்தது. ஆனால், அதன் அடுத்த கட்டமாக 2025-இல் தயாரான தரக்குறியீட்டுத் திட்டத்தில், மாணவர்களும் சிறு வணிகர்களும் வழக்குரைஞர்களும் அன்றாடம் நம்பியிருக்கும் மடிக்கணினிக்கு இடமளிக்கப்படவில்லை.

இரண்டு குழுக்கள்

மத்திய நுகர்வோர் விவகாரங்கள் துறை, அப்போது கூடுதல் செயலராக இருந்த நிதி கரே தலைமையில் 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. உதிரி பாகங்கள் மீதான ஏகபோகத்தைத் தயாரிப்பாளர்களே வைத்திருப்பது, வெளிக் கடையில் பழுது பார்த்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்று அச்சுறுத்துவது, குறுகிய காலத்தில் பயனற்றுப் போகும்படியே பொருள்களை வடிவமைப்பது ஆகியவை அக்குழுவின் முன் வைக்கப்பட்ட முக்கியப் பிரச்னைகள். வேளாண் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணு சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய 4 துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கென ஓர் இணையதளம் தொடங்கப்பட்டது. பயன்பாட்டுக் கையேடு, உதிரி பாகங்களின் விலை, உத்தரவாத நிபந்தனைகள், சேவை மையங்களின் முகவரி ஆகியவற்றை நிறுவனங்கள் ஒரே இடத்தில் வெளியிட வேண்டும் என்பது இதன் நோக்கம். ஆனால், இதில் இணையாத நிறுவனத்தையோ, இணைந்த பின்னும் விலைப் பட்டியலை வெளியிடாத நிறுவனத்தையோ தண்டிக்கும் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

அடுத்த கட்டமாக, 2024 செப்டம்பரில் கூடுதல் செயலர் பரத் கேரா தலைமையில் மற்றொரு குழு அமைக்கப்பட்டது. மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு இருப்பதைப்போல, ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்க முடியும் என்பதைக் காட்டும் தரக்குறியீட்டை வகுப்பது அதன் பணி. பேட்டரி, திரை, சார்ஜ் செய்யும் துளை போன்ற முக்கிய பாகங்களைக் கழற்றுவது எளிதா, அவை கிடைக்கின்றனவா, அவற்றின் விலை என்ன என்பவற்றின் அடிப்படையில் 5 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டு, விற்பனை இடத்திலும் பொருளின் பெட்டியிலும் வாங்குவோர் அறியும்படி வெளியிட வேண்டும் என்பது திட்டம். அப்போது துறையின் செயலராக இருந்த நிதி கரேயிடம் 2025 மே மாதத்தில் இக்குழு அறிக்கை அளித்தது.

இந்த அறிக்கை முதல் கட்டமாக எடுத்துக்கொண்டது செல்போன்களையும் டேப்லெட்டுகளையும் மட்டுமே. செல்போனைக் காட்டிலும் அதிக காலம் பயன்படுத்தப்படுவதும், பழுது பார்த்தால் மீண்டும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியதுமான மடிக்கணினி பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டது.

நேரு பிளேஸ் காட்டும் உண்மை

தெற்கு தில்லியில் கால்காஜியை ஒட்டி அமைந்துள்ள நேரு பிளேஸ், சென்னை ரிச்சி தெரு, மும்பை லேமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ணப்படும் கணினிச் சந்தை. காப்புரிமையை மீறிய மென்பொருள் விற்பனைக்காக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் "பேர்போன சந்தைகள்" பட்டியலில் இடம்பெற்ற கதையும் இதற்கு உண்டு. ஆனால், வட இந்தியா முழுவதிலுமிருந்து பழுதான மடிக்கணினிகள் இங்கு வந்து சேர்வதற்குக் காரணம் வேறு. இங்குள்ள தொழில்நுட்பக் கலைஞர்களின் கைத்திறன்தான் அது.

ஒரே பழுதுக்கு நான்கு விலைகள் ஏன் என்பதற்கான விடையும் இங்கேயே இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சேவை மையங்கள் பெரும்பாலும் பாகத்தை முழுமையாக மாற்றும் முறையைப் பின்பற்றுகின்றன. மதர்போர்டில் மின்சாரத்தை முறைப்படுத்தும் ஒரு சிறிய சில்லு எரிந்துபோனாலும், அங்கு கிடைக்கும் மதிப்பீடு முழு மதர்போர்டுக்கானதாகவே இருக்கும். பழைய மாடல் எனில், அந்த விலை மடிக்கணினியின் இன்றைய மதிப்பையே எட்டிவிடுவதும் உண்டு.

நேரு பிளேஸ் மாடிகளில் உள்ள சிறு பட்டறைகளில் நுண்ணோக்கியின் கீழ் அந்த ஒரு சில்லை மட்டும் வெப்பக் காற்றால் உருக்கி எடுத்து, வேறொன்றைப் பொருத்துகிறார்கள். வணிகத்தில் இதற்கு "சிப் லெவல்" வேலை என்று பெயர். மாற்றுச் சில்லு பல நேரங்களில் கழிவாக வந்த வேறொரு மதர்போர்டிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். செலவு பல மடங்கு குறையும். ஆனால், அந்த வேலை எத்தனை மாதம் தாங்கும் என்பது செய்பவரின் திறனைப் பொருத்தது. மின்சுற்று வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிடாததால், எங்கிருந்தோ கசிந்து வந்த வரைபடங்களை வைத்தே இக்கலைஞர்கள் பணியாற்ற வேண்டியுள்ளது.

இரண்டாவது காரணம், உதிரி பாகங்களில் உள்ள தர வேறுபாடு. நிறுவனத்தின் அசல் பாகம், பிற தயாரிப்பாளரின் பொருந்தும் பாகம், பழைய கணினியிலிருந்து கழற்றி எடுத்த பாகம் என மூன்று வகைகள் சந்தையில் உள்ளன. மூன்றும் வேலை செய்யும். மூன்றுக்கும் விலை வேறு. பொருந்தும் பாகத்தைப் பொருத்திவிட்டு அசல் பாகத்தின் விலையை வாங்கும்போதுதான் வாடிக்கையாளர் ஏமாற்றப்படுகிறார். எந்த வகை என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்கினால் இந்த வழி பெருமளவு அடைபடும்.

மூன்றாவது காரணம் இடைத்தரகு. மெட்ரோ நிலையத்திலிருந்து வளாகத்துக்குள் நுழையும்போதே எதிர்கொண்டு அழைக்கும் முகவர்களின் பங்கும் கட்டணத்தில் சேரும். அவர்களுடன் செல்லாமல், பழுது பார்க்கும் மேஜையைக் கண்ணால் பார்க்கக்கூடிய கடையைத் தாமே தேர்ந்தெடுப்பது நல்லது.

கடைக்குச் செல்லும் முன்

தகவல் இடைவெளியைச் சட்டம் நிரப்பும் வரை, அதில் ஒரு பகுதியையாவது வாடிக்கையாளரே நிரப்பிக்கொள்ள முடியும். மடிக்கணினிகளில் ஏற்படும் பழுதுகளில் பல, மதர்போர்டுடன் தொடர்பில்லாதவை.

கணினி இயங்குகிறது, ஆனால், மிக மெதுவாக இயங்குகிறது என்றால், அது பழுதே அல்ல. சுழலும் தட்டு கொண்ட பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, எஸ்எஸ்டி எனப்படும் நினைவகச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் பழைய கணினியின் வேகம் வியக்கத்தக்க அளவில் கூடும். முதுமையடைந்த மடிக்கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை.

சூடேறி தானாக நின்றுபோகிறது என்றால், விசிறியில் அடைந்த தூசியும் செயலிச் சில்லின் மேல் பூசப்பட்ட வெப்பக் கடத்துப் பசை உலர்ந்துபோனதும் காரணமாக இருக்கலாம். தூசி அகற்றி, பசையைப் புதிதாகப் பூசுவது சில்லறைச் செலவு. சார்ஜ் ஏறவில்லை என்றால், முதலில் அதே அளவு மின்னழுத்தமும் திறனும் கொண்ட வேறொரு சார்ஜரைப் பொருத்திப் பார்க்க வேண்டும், அடுத்தது சார்ஜர் பொருத்தும் துளை, அதற்கடுத்தது பேட்டரி, மதர்போர்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான். திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், தொலைக்காட்சிப் பெட்டியையோ வேறு திரையையோ இணைத்துப் பார்த்தால், பழுது திரையிலா, உள்ளேயா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேட்டரியின் உண்மையான நிலையை அறியக் கடைக்காரரைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவு எவ்வளவு, இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதைக் காட்டும் அறிக்கையை விண்டோஸ் இயங்குதளமே அளிக்கிறது. அதே நேரத்தில், பேட்டரி உப்பியிருந்தால் விலை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனடியாகப் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பற்றும் அபாயம் உண்டு.

புதிய பேட்டரியும் சார்ஜரும் வாங்கும்போது, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உள்ளதா என்று பார்ப்பது அவசியம். மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் மடிக்கணினிகளும், பின்னர் சேர்க்கப்பட்ட சார்ஜர்களும் பேட்டரிகளும் வருகின்றன. பொருளின் மீதுள்ள பதிவு எண்ணை அமைவனத்தின் "பிஐஎஸ் கேர்" செயலியில் சரிபார்க்கலாம். எண் இல்லாத மலிவு பேட்டரி, விலையில் மிச்சம் செய்து வீட்டில் தீ வைப்பதற்குச் சமம்.

கணினியை ஒப்படைப்பதற்கு முன் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொள்வதுடன், நினைவகத்தின் அளவு, சேமிப்பகத்தின் அளவு, வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ராம் எனப்படும் நினைவகச் சில்லுகளின் விலை 2025-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான தேவையால் ஏற்பட்ட உயர்வு அது. விலை உயர்ந்த நினைவகத்தை எடுத்துவிட்டுக் குறைந்த அளவுடையதைப் பொருத்தி அனுப்பினால், குறித்து வைத்திராதவரால் நிரூபிக்க இயலாது. பழுது திரையிலோ கீலிலோ சார்ஜர் துளையிலோ மட்டும் இருந்தால், சேமிப்பகத்தைக் கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடலாம். அந்தரங்கக் கோப்புகளுக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றி, 2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "பழுதுபார்க்கும் உரிமை" என்ற சொற்றொடரே இல்லை. எனினும், கைவசம் உள்ள சட்டங்களில் பலரும் பயன்படுத்தாத பாதுகாப்புகள் உள்ளன.

முதலாவது, ரசீது. விற்ற பொருளுக்கோ அளித்த சேவைக்கோ ரசீது தராமல் இருப்பது, இச்சட்டத்தின் 2(47) பிரிவின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அவ்வாறு குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே வரையறைக்குள் அடங்கும். ரசீது இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் கூறும்போது, அந்த நூறு ரூபாய்க்கு வாடிக்கையாளர் விற்றுவிடுவது இந்த உரிமைகள் அனைத்தையும்தான்.

இரண்டாவது, வரி. மடிக்கணினி பழுது பார்க்கும் சேவைக்கு 18 சதவீத சரக்கு-சேவை வரி உண்டு. ஆனால், ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்துக்குக் குறைவாக உள்ள சேவையாளர்கள், சில சிறப்பு மாநிலங்கள் நீங்கலாக, பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் வரி என்ற பெயரில் பணம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. வரி கேட்கும் கடையின் ரசீதில் 15 எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது போதுமானது.

மூன்றாவது, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பழுது பார்க்க மடிக்கணினியை ஒப்படைப்பது, ஒரு நோக்கத்துக்காகப் பொருளைப் பிறர் வசம் விடும் ஒப்பந்தமாகவே அச்சட்டத்தின் 148-ஆம் பிரிவின்படி கருதப்படுகிறது. தன் சொந்தப் பொருளை ஒருவர் எவ்வளவு கவனத்துடன் காப்பாரோ, அதே கவனத்துடன் அதைக் கடைக்காரர் காக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. தொலைந்தால் பொறுப்பல்ல என்று சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பைக் கண்டதுமே உரிமை போய்விட்டதாகக் கருத வேண்டியதில்லை.

ஆனால், அதே சட்டத்தின் 170-ஆம் பிரிவு கடைக்காரருக்கும் ஓர் உரிமையைத் தருகிறது. உழைப்பையோ திறனையோ செலுத்திப் பணியாற்றியவர், தமக்குரிய ஊதியம் கிடைக்கும் வரை பொருளைத் தம் வசம் நிறுத்திவைத்துக்கொள்ளலாம். கட்டணத்தைப் பேசாமல் கணினியை விட்டுவிட்டு வந்தவர், பின்னர் பெரிய தொகையைக் கேட்டுத் திகைத்து நிற்கும்போது, கணினி மறுதரப்பின் கையில் இருக்கும். வாதாடும் வலிமை அப்போதே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

எனவே, ஒப்படைக்கும்போதே ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதி வாங்குவது அவசியம். பழுதைக் கண்டறிய மட்டும் எவ்வளவு கட்டணம். எந்தத் தொகைக்கு மேல் போனால் முன் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடர வேண்டும். மாற்றப்பட்ட பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பவையே அவை. பழைய பாகத்தைக் கேட்டுப் பெறும் வழக்கம் இருந்தால், மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்குவது கடினமாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் தகராறு ஏற்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தெரிவிக்கலாம். அங்கு தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். தில்லியில் பழுது பார்த்த கணினிக்காகத் திருச்சியில் இருப்பவர் தில்லிக்கு வர வேண்டியதில்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும்.

எப்போது நிறுத்துவது?

பழுது பார்ப்பதே எப்போதும் லாபம் என்று கூறிவிட முடியாது. செலவைப் புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிடுவது கடைக்காரர்களுக்குச் சாதகமான கணக்கு. அதே திறன் கொண்ட, பழுது நீக்கி உத்தரவாதத்துடன் விற்கப்படும் பழைய கணினியின் விலையோடு ஒப்பிடுவதே சரியான கணக்கு. உதாரணமாக, அத்தகைய கணினி ரூ. 20,000-க்குக் கிடைக்கும் எனில், ரூ. 5,000 அல்லது ரூ. 6,000 செலவிட்டுச் சரிசெய்வதில் பொருளுண்டு, ரூ. 12,000 கேட்டால் விலகிவிடலாம். பாதி விலையைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். ஒரே கணினியில் மதர்போர்டு பழுது இரண்டாவது முறையாக வந்தாலும் நிறுத்திக்கொள்வதே நல்லது.

புதிய கணினி வாங்கத் தூண்டும் மற்றொரு காரணம், மென்பொருளிலிருந்து வந்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை மட்டுமே அறிவித்தது. விண்டோஸ் 11 இயங்குதளமோ, இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான செயலிகளை ஏற்பதில்லை. இதனால், எந்தப் பழுதும் இல்லாத கணினிகள்கூட ஒரே நாளில் பழையவையாயின.

இத்தகைய கணினிகளைக் கழித்துவிட வேண்டிய கட்டாயமில்லை. கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் அவற்றில் நன்றாக இயங்கும். தமிழில் தட்டச்சு செய்யவும் இயலும். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் கணினிகளில்தான் பாடம் நடத்துகின்றன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் "பாஸ்" என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியது. குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் இன்றிப் பணியாற்ற இயலாதவர்களுக்கு மட்டுமே இந்த வழி பொருந்தாது.

சீலம்பூரில் முடியும் பயணம்

நேரு பிளேஸில் வேண்டாம் என்று கைவிடப்படும் கணினிகளில் பல, வடகிழக்கு தில்லியின் சீலம்பூரைச் சென்றடைகின்றன. நாட்டின் பெரிய மின்னணுக் கழிவுச் சந்தைகளில் ஒன்று அது. குறுகிய சந்துகளில் கையுறைகூட இல்லாத தொழிலாளர்கள் மதர்போர்டுகளைப் பிரித்துச் செம்பையும் பிற உலோகங்களையும் எடுக்கிறார்கள். ஈயம் உள்ளிட்ட நச்சுகளின் சுமை அவர்களது உடலில் ஏறுகிறது. உலக அளவில் 2022-இல் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பழுது நீக்கி விற்போரையும் பதிவுக்குள் கொண்டுவந்தன. பழைய சாதனத்தின் ஆயுளை நீட்டித்தால், தயாரிப்பாளரின் மறுசுழற்சிக் கடமை அந்த அளவுக்குத் தள்ளிவைக்கப்படும். ஆனால், நேரு பிளேஸில் ஒற்றை மேஜையுடன் தொழில் நடத்துபவருக்கு இந்த விதிகளால் உதிரி பாகமோ, மின்சுற்று வரைபடமோ கிடைத்துவிடவில்லை.

தமிழகத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011-இல் தொடங்கிய மாநிலம் இது. கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கணினிகள் வழங்கும் அறிவிப்பு மாநில அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையிலும் இடம்பெற்றது. உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள், அந்த மாணவரின் குடும்பம் நிற்கப்போவதும் இதே நான்கு விலைகளின் முன்புதான். லட்சக்கணக்கில் கொள்முதல் செய்யும் அரசுக்கு, உதிரி பாகங்களின் விலையையும் அவை கிடைக்கும் காலத்தையும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்கும் வலிமை உண்டு.

முன்மாதிரிகள்

இதை முதலில் செய்யும் நாடாக இந்தியா இருக்கப்போவதில்லை. பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய தரக்குறியீட்டில் செல்போன், தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஆகியவற்றுடன் மடிக்கணினியும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. 10-க்கு எத்தனை மதிப்பெண் என்பது விலைச் சீட்டின் அருகிலேயே இருக்கும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டம், 100 டாலர் அல்லது அதற்கு மேல் விலையுள்ள மின்னணு சாதனங்களுக்குத் தயாரிப்பு முடிந்த பின்னும் 7 ஆண்டுகள் உதிரி பாகங்களையும் பழுது நீக்கும் விவரங்களையும் கிடைக்கச் செய்யக் கட்டளையிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது.

அதே நேரத்தில், ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய பழுதுபார்ப்பு ஆணை, தயாரிப்பாளர்கள் கட்டாயம் பழுது பார்த்துத் தர வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டபோது அங்கும் மடிக்கணினியின் பெயர் இடம்பெறவில்லை. செல்போனில் தொடங்கி அங்கேயே நின்றுவிடும் போக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல.

இந்தியாவிலும் ஒரு முன்மாதிரி உண்டு. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் விற்க மறுத்து, வாகன உரிமையாளர்களைத் தங்கள் சேவை மையங்களிலேயே கட்டிப்போட்டதாக 14 கார் நிறுவனங்களுக்கு, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி மொத்தம் ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. அபராதத் தொகை மேல்முறையீடுகளுக்குச் சென்றது. எனினும், ஒரு பொருளை வாங்கியவர் அதன் உதிரி பாகத்துக்காக ஒரே வாசலில் நிற்க வேண்டியதில்லை என்ற கோட்பாடு அந்த ஆணையில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. காருக்குப் பொருந்திய நியாயம் மடிக்கணினிக்குப் பொருந்தாமல் போகக் காரணமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. தரக்குறியீட்டுப் பட்டியலில் மடிக்கணினியைச் சேர்ப்பது. உதிரி பாகங்களின் விலையை வெளியிடுவதைக் கட்டாயமாக்குவது. உத்தரவாதக் காலம் முடிந்த மாடல்களின் மின்சுற்று வரைபடங்களைத் தகுதி பெற்ற எந்தக் கலைஞருக்கும் கிடைக்கச் செய்வது. அந்தத் தகுதிக்கு ஐடிஐ-களில் சான்றிதழ்ப் பயிற்சி அளிப்பது ஆகிய நான்கும் நடந்தாலே, நான்கு விலைகளுக்கிடையிலான இடைவெளி சுருங்கிவிடும்.

மத்திய பட்ஜெட் 2021 முதல் காகிதமின்றித் தாக்கல் செய்யப்படுகிறது. மாணவர் சேர்க்கை, வரிக் கணக்கு, நீதிமன்ற மனு என அரசுடனான தொடர்புகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறிவருகின்றன. குடிமக்களிடம் கணினி இருப்பதாகக் கருதி நிர்வாகத்தை நடத்தும் அரசு, அந்தக் கணினி நின்றுபோகும் நாளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் எழுப்பத்தக்க கேள்வி இது: செல்போனுக்கு வகுக்கப்பட்ட தரக்குறியீடு மடிக்கணினிக்கு எந்தத் தேதியிலிருந்து? அதற்கான பதில் அவையில் வைக்கப்படும் வரை, கடையில் எழுதி வாங்கும் மதிப்பீட்டுச் சீட்டே வாடிக்கையாளரின் கையில் உள்ள ஒரே ஆவணம்.